ஜவ்வரிசியில் உள்ள 'ஜவ்' எங்கிருந்து வந்தது?

ஆத்தூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வாழப்பாடி தாண்டியதும் ஒரு சேகோ ஆலையின் களம் முழுக்க வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, எங்க ஊர்ல நெல்லத்தான் காயப்போடுவோம். இங்க அரிசியையே காயப்போட்டிருக்காங்களே?" என்றார்.

"அது அரிசி இல்லீங்கம்மா, ஜவ்வரிசி."

"அதுவும் அரிசிதானே?"

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நெல்லுக்கு மட்டும் உரிய சொல் அல்ல அரிசி. தினையரிசி, சாமையரிசி, மூங்கிலரிசி என்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் ஏலக்காயின் உள்விதையை ஏலரிசி என்றே கேட்டு வாங்கலாம். உமியோ தோலோ நீங்கிய சிறு மணி எதுவானாலும் தமிழில் அது அரிசிதான். எனவே ஜவ்வரிசியின் பின்பாதியில் சிக்கல் இல்லை. முன்பாதிதான் யோசிக்க வைக்கிறது.

வெந்ததும் சவ்வு போலக் கண்ணாடியாகி வழுவழுக்கிறது, அதனால் 'சவ்வு' அரிசி என்று சொல்வோர் உண்டு. பாயசக் கிண்ணத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளையும் கேட்க வேண்டும். தெலுங்கில் சக்குபிய்யம் (க-வை அழுத்தாமல் ஒலிக்க வேண்டும்), கன்னடத்தில் சப்பக்கி, மலையாளத்தில் சவ்வரி, இந்தியில் சாபுதானா. பிய்யமும் அக்கியும் அரிசி, தானா என்றால் மணி. எல்லா இடத்திலும் ஒரே அச்சு: முன்னால் ஓர் அயற்பெயர், பின்னால் அரிசி அல்லது மணி. அந்த அயற்பெயர் மலாய் மொழியின் 'சாகு'. தெலுங்கில் அதன் 'கு' இன்னும் தேயாமல் நிற்கிறது. நம் வாயில் அது 'சவ்' ஆகி, பிறகு 'ஜவ்' ஆனது என்றே நான் கொள்கிறேன். சவ்வு என்ற பொருள் பின்னால் வந்து பொருந்திக்கொண்டதாக இருக்க வேண்டும். சேகோ என்பதும் இதே சாகுதான், ஆங்கிலேயர் வாய்வழியாகச் சுற்றி வந்தது.

சாகு ஒரு பனை. மலேசியா, இந்தோனேசியா, நியூகினி பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளர்வது. பூப்பதற்கு முன் மரத்தை வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி நீரில் அலசினால் மாவு அடியில் படியும். சுமத்ராவில் மரத்திலிருந்து மாவு எடுப்பதைக் கண்டு மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். அந்த மாவை மணிமணியாக உருட்டிக் கப்பலேற்றினார்கள். நம் ஊருக்கு வந்தது அந்த மணி.

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போக, அந்தப் பக்கத்துச் சரக்கு நின்றது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கவும் மணி இல்லை. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கின் மாவில் அதே மணியை உருட்டிப் பார்த்தார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு, மலாய்ப் பனையின் பெயரைச் சுமந்துகொண்டு சேலத்தின் தொழிலானது இப்படித்தான். 1981-இல் ஆலைக்காரர்களுக்காகச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உள்ளே இருந்த பொருளே மாறிய பிறகும் சொல் ஏன் மாறவில்லை? அந்தப் பெயர் மணியின் உருவத்துக்கு வைத்தது. உருவம் அப்படியே இருந்தது.

அந்த உருவம் எப்படி வருகிறது என்பதை ஆலைக்குள் பார்க்க வேண்டும். தோல் சீவிய கிழங்கை அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தெளிய விடுவார்கள். புளித்த வாடை சாலை வரை வரும். படிந்த கட்டியை உடைத்த ஈரமாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கக் குலுக்க, மாவு தானே உருண்டு திரளும். எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுக்கும்போது மணியின் மேற்புறம் மட்டும் வெந்து ஓடு கட்டும், உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். அடுப்பில் ஜவ்வரிசி வேகும்போது நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அது இன்னும் வேகாத அந்த மாவுதான். புள்ளி மறைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நீராவியில் முழுக்க அவித்துக் காயவைத்ததைக் கடையில் நைலான் ஜவ்வரிசி என்கிறார்கள்.

சலித்தபின் மிஞ்சும் சக்கைக்கு ஆலையில் திப்பி என்று பெயர். மாட்டுத்தீவனத்துக்குப் போகும். பிழிந்தபின் நிற்கும் கோது என்ற பொருளில் தமிழில் பழகிய சொல் அது. இனி மரவள்ளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டாப்பியோக்கா என்ற பெயரைப் பாருங்கள். பிரேசிலின் துப்பி மொழியில் 'டிப்பி' என்றால் சக்கை, 'ஓக்' என்றால் பிழிவது. இரண்டும் சேர்ந்து டிப்பியோக்கா. கடல்களுக்கு அப்பால் உள்ள மொழியிலும் சேலத்து ஆலையிலும் ஒரே கிழங்கின் சக்கைக்கு ஏறக்குறைய ஒரே சொல்! உறவு ஏதும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் இதை முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டாப்பியோக்கா என்று எழுதத் தேவையே இல்லை, மரவள்ளி இருக்கிறது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, ஏனென்றால் விதை போடுவதில்லை, தண்டுக்குச்சியை வெட்டித்தான் நடுகிறோம். குமரிப் பக்கம் மரச்சீனி. பச்சைக் கிழங்கைக் கடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்ததற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள லினமரின் என்ற வேதிப்பொருள் சிதையும்போது சயனைடு பிறக்கும். தோல் நீக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். ஜவ்வரிசியில் இருப்பது ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து, புரதம் 100 கிராமில் 1 கிராம்கூடத் தேறாது. அதனால் எளிதில் செரிக்கும், இரத்தச் சர்க்கரையையும் வேகமாக ஏற்றும். நீரிழிவுக்காரர்கள் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும்.

சேகோவுக்குப் புதுச்சொல் ஒன்று ஆக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. சேகோ ஆலையை ஜவ்வரிசி ஆலை என்று எழுதினாலே போதும். கிரந்த எழுத்தை விரும்பாதவர்கள் சவ்வரிசி என்று எழுதலாம், என் பாட்டி அப்படித்தான் சொல்வார். பழைய அந்த மரத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சவ்வரிசிப்பனை என்று எழுதினால் கிழங்கோடு குழம்பாது. அந்த அம்மா கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம்: ஆமாங்கம்மா, அதுவும் அரிசிதான். நெல்லில் விளையாத அரிசி.