உளுந்தை விற்காமல் வைத்திருக்க: பொருளீட்டுக் கடன், கிடங்கு ரசீது, நச்சு மாத்திரை விதி

சம்பா நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு தெளித்த உளுந்து, பங்குனி சித்திரையில் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சிதம்பரம் பக்கமெல்லாம் களத்துக்கு வந்துசேர்கிறது. எல்லோருடைய சரக்கும் ஒன்றாக வருவதால் விலை இறங்குவதும் அப்போதுதான். இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம் என்று மனத்தில் இருந்தாலும் பலர் களத்திலேயே விற்றுவிடுகிறார்கள். கடனை அடைக்கப் பணம் வேண்டும். வீட்டில் வைத்தால் வண்டு விழும். இந்த இரண்டு நெருக்கடிக்கும் அரசு ஏற்பாட்டில் வழி இருக்கிறது. தெரியாததாலேயே அது பயன்படாமல் கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வண்டைப் பற்றி. பயறு வண்டு வயலிலேயே முற்றிய காய்மேல் முட்டையிடுகிறது. புழு பயறுக்குள் துளைத்துப் புகுந்து உள்ளேயே தின்று வளர்கிறது. அதனால் தூற்றி அள்ளும்போது சுத்தமாகத் தெரிந்த உளுந்திலிருந்து ஒரு மாதத்தில் வண்டு ஊர்ந்து வரும். வந்த வண்டு பக்கத்துப் பயறில் மறுபடி முட்டையிடும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நன்றாகக் காயவைப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

காய்ந்த சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, நம் பேச்சில் கமிட்டிக்கு, கொண்டுபோகலாம். அன்றே விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்குள்ள கிடங்கில் இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, விவசாயிக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில், 180 நாள் தவணையில் இந்தக் கடன் கிடைக்கிறது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. அதைக் கமிட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார், சிட்டா அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்துச்செல்வது நல்லது. விலை ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எப்போது விற்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும். அதன் அருமை, அவசரத்துக்கு விற்றவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வழி கிடங்கு ரசீது. 2007ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கிடங்குகள், சரக்கை வாங்கிக்கொண்டு மின்னணு ரசீது தருகின்றன. அதை அடமானமாக வைத்து வங்கியில் கடன் கேட்கலாம். கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு, அறுவடைக்குப் பின் ஆறு மாதம் வரை பயிர்க்கடனுக்கு உரிய அதே வட்டிச் சலுகை இந்த ரசீதின்பேரிலும் உண்டு. மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் கிடங்கு என்றால், வாடகையில் விவசாயிக்கு 30 சதவீதம் தள்ளுபடியும் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு. தன் சொந்தச் சரக்கை விழிப்போடு காப்பவர் எவ்வளவு அக்கறை காட்டுவாரோ, அவ்வளவு அக்கறையைக் கிடங்குக்காரர் உங்கள் சரக்கின்மேல் காட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதில் தவறியதால் சரக்கு அழிந்தாலோ கெட்டாலோ அவரே பொறுப்பு. பூச்சி விழுந்து கெட்டாலும் இதே கணக்குத்தான். ஆனால் வைத்தபோது என்ன தரத்தில் இருந்தது என்பதற்கு ரசீதுதான் சாட்சி. எடை, தரம், மதிப்பு, கட்டணம் ஆகிய நான்கையும் வாங்கும்போதே நின்று படித்துப் பாருங்கள். ஈரப்பதத்தை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். ‘பிறகு பதிந்துகொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிடங்கு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்பதையும் முன்னதாகவே கேளுங்கள். பதிவில்லாத தனியார் கிடங்கின் வெறும் துண்டுச் சீட்டுக்கு இந்தப் பலம் கிடையாது.

அடுத்தது, வண்டைக் கொல்ல வைக்கும் நச்சு மாத்திரை. கிடங்குகளில் மூட்டை அடுக்கைத் தார்ப்பாய் போலக் கனத்த உறையால் மூடி, காற்றுப் புகாமல் ஓரம் கட்டி, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பிப் பயறுக்குள் இருக்கும் புழுவையும் கொல்லும். அதே வாயு மனிதரையும் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. அதனால்தான் 3 கிராம் மாத்திரையைக் கொண்டு பூச்சி ஒழிக்கும் வேலையை அரசு அமைப்புகளும் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களும் மட்டுமே, அதுவும் அரசு வல்லுநர் அல்லது அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் மட்டுமே, செய்யலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். 10, 20 மாத்திரை அடங்கிய குழாய்களின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றும் 2001ஆம் ஆண்டு முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளன.

கடையில் யாராவது உதிரியாக இரண்டு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில், குதிரிலோ மூட்டையிலோ, அதை வைக்கவே கூடாது. கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வாயு அடுத்த அறைக்கு வந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் பதறுகிறது மனம். விதைக்கும் சமையலுக்கும் வீட்டில் வைக்கும் கொஞ்சத்துக்கு இந்த நஞ்சு தேவையே இல்லை. சமையல் உளுந்தை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு பெரும்பாலும் அண்டாது. விதையை நன்றாகக் காயவைத்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் பதப்படுத்திய களிமண் தூளை (ஆக்டிவேட்டட் கயோலின்) கலந்து வைப்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. அந்த விதையைச் சமைக்க எடுக்காமல் தனியே வையுங்கள்.

மாத்திரையை இப்படிச் சில்லறையாக விற்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பூச்சிமருந்துக் கடைகளைச் சோதிக்கும் அதிகாரம் பெற்ற ஆய்வாளர்கள் வேளாண்மைத் துறையில்தான் இருக்கிறார்கள்.