கம்பைலரிடம் வயதைக் கேட்காதீர்கள்

இந்த வாரமும் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி என்னிடம் வந்திருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரில் (சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியில்) உருவாக்கப்படுவது. "புது ஜிசிசிக்கு மாறியதிலிருந்து மெதுவாக ஓடுகிறது. கம்பைலரில் ஏதோ கோளாறு, பழையதற்கே திரும்பிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். லைப்ரரியின் ஹெடரை (மற்ற நிரல்கள் இன்க்ளூட் செய்துகொள்ளும் ஃபைலை) திறந்தால் எதிர்பார்த்த அதே வரி. ஜிசிசி வெர்ஷனின் மேஜர் எண் (புள்ளிக்கு முன்னால் உள்ளது) 4 அல்லது அதற்கு மேல், கூடவே மைனர் எண் (புள்ளிக்குப் பின்னால் உள்ளது) 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான வழி. இல்லாவிட்டால் பைட் பைட்டாகப் போகும் பழைய லூப். 4.8, 4.9 இரண்டிலும் இது சரி. 5.1 வந்ததும் மேஜர் தேறிவிடும், மைனர் 1 என்பதால் சோதனை தோற்றுவிடும். 5.1-க்கு மேற்பட்ட எந்த ஜிசிசி வெர்ஷனிலும் மைனர் எண் 8-ஐத் தொட்டதே இல்லை. எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. 4.8-லேயே வருடக்கணக்கில் இருந்துவிட்டு ஒரேயடியாக 13-க்குத் தாவுகிறவர்களுக்குத்தான் திடீரென்று உறைக்கிறது.

மேஜரை 100-ஆல் பெருக்கி, மைனரைக் கூட்டி, ஒரே எண்ணாக ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

வெர்ஷன் எண்ணைப் பார்த்தாலே கம்பைலரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதைவிடப் பெரிய தொல்லை. தெரியாது. இன்னொரு சி கம்பைலரான கிளாங்கிடம் ஜிசிசியின் மேக்ரோவை (வெர்ஷன் எண்ணைச் சொல்லும் முன்வரையறுத்த பெயரை) கேட்டால், தன்னை 4.2.1 என்று சொல்லும். நேற்று வெளியான கிளாங்கும் அதையேதான் சொல்லும். "ஜிசிசி 4.7-க்கு மேல்" என்று நீங்கள் எழுதிய சோதனையில் அது தோற்கும், தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையிலும். சரி, கிளாங்கின் சொந்த எண்ணைப் பார்க்கலாம் என்றால், ஆப்பிள் தரும் கிளாங்கின் எண்வரிசை வேறு, கிளாங்கை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டம் வெளியிடும் கிளாங்கின் எண்வரிசை வேறு. விண்டோஸில் கிளாங்-சிஎல் (மைக்ரோசாஃப்ட் கம்பைலரைப் போல நடந்துகொள்ளும் கிளாங்) அந்தக் கம்பைலரின் மேக்ரோவையும் வைத்துக்கொண்டு வந்து நிற்கும். சி11-க்கான (2011-இன் சி தரநிலைக்கான) எண் இருக்கிறதே என்று த்ரெட்ஸ் ஹெடரைச் சேர்க்கிறீர்கள். அந்த ஹெடரைத் தருவது கம்பைலர் இல்லை, சிஸ்டத்தில் உள்ள சி ஸ்டாண்டர்ட் லைப்ரரி. லினக்ஸில் பரவலாக உள்ள அத்தகைய லைப்ரரியான ஜிலிப்சியில் அது 2018-இல் வந்த 2.28-இல்தான் சேர்ந்தது. பழைய ஜிலிப்சியின் மேல் எவ்வளவு புதிய கம்பைலரைப் போட்டாலும் அந்த ஃபைல் முளைக்காது.

அதனால் தேவையானதையே நேராகக் கேளுங்கள். இந்த ஆட்ரிப்யூட் (கம்பைலருக்கு எழுதும் கூடுதல் குறிப்பு) தெரியுமா, இந்த ஹெடர் இருக்கிறதா என்று ப்ரீபிராசசரிலேயே (கம்பைலுக்கு முந்தைய கட்டத்திலேயே) கேட்கும் வசதி ஜிசிசி 5 முதல் உண்டு. பில்ட்-இன் (கம்பைலருக்குள்ளேயே உள்ள ஃபங்ஷன்) இருக்கிறதா என்று கேட்கும் வசதி 10 முதல். அந்த வசதி இருக்கிறதா என்ற கேள்வியையும், அதைக் கொண்டு கேட்கும் கேள்வியையும் ஒரே இஃப் வரியில் 'அண்ட்' போட்டு இணைக்காதீர்கள். பழைய கம்பைலர் முழு வரியையும் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்கும், அதனால் அங்கேயே தடுக்கி விழும். வெளியே ஒரு இஃப், உள்ளே ஒரு இஃப்.

வெர்ஷன் எண்ணுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முன்பு முறையான எஸ்என்பிரிண்ட்எஃப் (நீள வரம்புக்குள் எழுத்துச்சரத்தை எழுதும் ஃபங்ஷன்) கிடையாது. அடிக்கோடு போட்டு வந்த மாற்று, இடம் போதாதபோது கடைசி நல் எழுத்தைப் போடாமல் விட்டுவிடும். அங்கே மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் எண் 1900-க்குக் கீழே (2015-க்கு முந்தையது) என்று சோதிப்பது சரிதான். பழைய குறைக்கு மேல்வரம்பு போடுங்கள், வருங்காலத்தின் மேல் எதையும் ஊகிக்காதீர்கள்.

கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்களையும் (எந்த வசதி இருக்கிறது என்று சிறு நிரல்களைக் கம்பைல் செய்து பார்ப்பவை) தயவுசெய்து ஒரு முறை பாருங்கள். கிளாங் 16, ஜிசிசி 14 முதல், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது எர்ரர். உங்கள் சோதனை நிரலில் ஒரு இன்க்ளூட் விட்டுப்போயிருந்தால் அது கம்பைல் ஆகாது. ஸ்கிரிப்டும் "அந்த வசதி இல்லை" என்று அமைதியாக எழுதிவைத்துவிடும். கான்ஃபிக் லாகைத் திறந்து, தோற்ற ஒவ்வொரு சோதனையும் ஏன் தோற்றது என்று படியுங்கள்.

ஜிசிசி 15 டிஃபால்டாக சி23 என்ற புதிய சி தரநிலைக்குப் போய்விட்டது. 'பூல்' என்று நீங்களே வைத்திருந்த டைப்டெஃப் (வகைக்கு வைத்த பெயர்) அங்கே உடையும். பில்டில் ஸ்டாண்டர்டைக் குறிப்பிட்டால் உங்கள் ஃபைல்கள் தப்பிக்கும். பப்ளிக் ஹெடரோ பயன்படுத்துகிறவர் கம்பைலருக்குத் தரும் ஃப்ளாகில் (விருப்பத் தேர்வில்) கம்பைல் ஆகிறது. அந்த ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்சரின் அமைப்பைக் கம்பைலர் சோதனையின் பேரில் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். லைப்ரரி ஒரு கம்பைலரிலும் அப்ளிகேஷன் இன்னொன்றிலும் உருவானால், நினைவகம் சிதைவது எங்கே என்று தேடும் பாவம் யாருக்கோ போய்ச் சேரும்.

அப்புறம், வெளியிடும் பொதியில் எல்லா வார்னிங்கையும் எர்ரராக்கும் ஃப்ளாகை விட்டுவைக்க வேண்டாம், அது உங்கள் சிஐயோடு (மாற்றங்களைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்போடு) நிற்கட்டும். ரீட்மீயில் "ஜிசிசி 4.8 போதும்" என்று இருந்தால் அதே சிஐயில் 4.8-உம் ஓடட்டும். ஓட்ட முடியாதென்றால் அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள்.