பிபி நார்மல்தானே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ரத்த அழுத்த மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், "அளந்து பார்த்தோம் டாக்டர், நார்மலாக இருந்தது, அதான் விட்டுட்டார்" என்கிறார்கள் வீட்டார். பதில் சொல்ல வேண்டியவர் வாய் கோணி, ஒரு கையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கிறார். பக்கவாதத்தோடு வருகிறவர்களின் வீட்டாரிடம் இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நார்மலாக இருந்ததே அந்த மாத்திரையால்தான். அது அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, நோயைத் துடைத்துப் போடவில்லை. அம்லோடிபின் போன்ற மாத்திரைகளை நிறுத்தினாலும் அவற்றின் வேலை சில நாள் உடலில் நீடிக்கும். அந்த நாட்களில் அளந்துவிட்டு, "மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறதே" என்று முடிவுகட்டுகிறார்கள். அப்புறம் அளப்பதையும் விட்டுவிடுகிறார்கள். அட்டினோலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறவே செய்யும். எடையும் உப்பும் குறைந்து மாத்திரை குறைகிறவர்கள் உண்டு; அதை மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கட்டும்.

"ஏறினால் எனக்கே தெரியும், தலை வலிக்கும்" என்பார்கள். தெரியாது. மேல் எண் 180 இருக்கும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். தலைவலியை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

அளப்பதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். மேல்கையில் கட்டும் கருவியே நல்லது. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வாங்கும்போதே கையின் சுற்றளவைப் பாருங்கள். காபி, புகை, நடைப்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை மேசைமேல், பட்டை இதயத்தின் உயரத்தில். அளக்கும்போது பேச வேண்டாம், போனிலும்தான்! ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு முறை என ஏழு நாள் போதும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்போம். வீட்டில் அது 135/85-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம்தான். பிடித்த எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், எங்களுக்கு எல்லாமே வேண்டும். இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்குத் தானியங்கிக் கருவி பிசகலாம், அவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் ஏறிவிட்டது என்று பதறி இன்னொரு மாத்திரையை விழுங்காதீர்கள். நாக்குக்கு அடியில் வைத்து அவசரமாக இறக்கும் வழக்கமும் வேண்டாம், அழுத்தம் மளமளவென்று விழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். ஓய்வெடுத்து மறுபடி அளந்து பாருங்கள். 180/120-க்கு மேலேயே நின்றால், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.