கார்டிசால்: ‘மன அழுத்த ஹார்மோன்’ என்ற பெயர் சரிதானா?

குடியாத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர். இப்போது சுற்றுவதில்லை. ஆனால் கை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் ஏறி இறங்கி உரசும். தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் அந்த நேரத்துக்கு நின்றுபோகும். பார்க்கின்சன் நோய். மருத்துவ நூல்கள் இதை ‘மாத்திரை உருட்டும் நடுக்கம்’ என்கின்றன. அந்தக் காலத்து மருந்துக்காரர்கள் கையால் மாத்திரை உருட்டியதை வைத்து வந்த பெயர். எங்கள் தெருவில் கேட்டால், இலையில் தூள் வைத்துச் சுற்றுகிற கை என்றுதான் சொல்வார்கள்.

சில மாதங்களாக அவருக்கு உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உடம்பிலும் அசதி. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் விழுவது பார்க்கின்சன் நோயில் சகஜம். ஆனாலும் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க, வேலூரில் டாக்டர் சில பரிசோதனைகள் எழுதினார். அதில் ஒன்று காலை 8 மணிக்கு இரத்தத்தில் பார்க்கும் கார்டிசால். மகன் செல்போனில் தேடியிருக்கிறான். முதலில் வந்தது ‘மன அழுத்த ஹார்மோன்’. சீட்டோடு என்னிடம் வந்துவிட்டான். “நைனாவுக்கு மன அழுத்தம்னு சந்தேகப்படறாங்கண்ணா.” திண்ணையிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: “நான் இன்னாத்தடா அழுத்தி வச்சிகினு இருக்கேன்?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் ‘அழுத்தக்காரன்’ என்றால் மனசில் இருப்பதை வெளியே விடாத ஆள். பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகி, முகத்தில் பாவம் குறைந்துவிடும். சிரிக்க நினைத்தாலும் சிரிப்பு முகத்துக்கு வந்து சேராது. வீட்டுக்காரர்களோ, ஆள் அழுத்தமாகிவிட்டார், ஒன்றும் பேசமாட்டேன் என்கிறார் என்று வருத்தப்படுவார்கள். ஏற்கெனவே அந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்தவரிடம் ‘அழுத்த ஹார்மோன்’ என்றால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

சிக்கல் இதோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் என்று இரண்டு தனித்தனி சொற்கள். நாம் இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்கிற ஒரே பையில் போட்டுவிட்டோம். டிப்ரெஷனுக்கு ‘மனச்சோர்வு’ என்ற நல்ல சொல் இருந்தும் செய்தித்தாள்களில் பாதி நேரம் மன அழுத்தம்தான். பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்கு மனச்சோர்வு உண்மையிலேயே வரும், அதற்குத் தனியே வைத்தியமும் உண்டு. ஆகவே எதைச் சொல்கிறோம் என்பது பிரிந்து தெரிந்தாக வேண்டும். போதாததற்கு இந்த வீட்டில் ‘இரத்த அழுத்தம்’ வேறு. ஒரே மனிதருக்கு ஒரு அழுத்தம் குறைவு, இன்னொரு அழுத்தம் கூடுதல் என்றால் மகன் எதைப் புரிந்துகொள்வான்?

சரி, ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் வேரைப் பார்ப்போம். இறுக்கிக் கட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இயற்பியலில் அது ஒரு பொருளின்மேல் விசை செலுத்தும்போது உள்ளே எழும் எதிர்ப்பு. நம் பாடநூல்கள் அதைத் ‘தகைவு’ என்கின்றன. உடம்புக்கு அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் ஹார்மோன்களை ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே. 1936இல் அவர் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், ஓடவிட்டார், நச்சு கொடுத்தார். எது செய்தாலும் ஒரே விளைவு: சிறுநீரகத்தின்மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, இரைப்பையில் புண் வந்தது. கவனியுங்கள், இந்தக் கதையில் ‘மனம்’ எங்கும் இல்லை. குளிரும் காயமும்தான். காய்ச்சல் வந்தாலும், அறுவை சிகிச்சை நடந்தாலும் கார்டிசால் ஏறும். ‘மன’ என்பது நாமாக ஒட்டிய முன்னொட்டு.

ஈழத்துத் தமிழில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘நெருக்கீடு’ என்று எழுதுகிறார்கள். போரைக் கண்ட ஊரில் உளநலம் பற்றி எழுதியவர்கள் கையில் பழகிய சொல். லத்தீன் வேரில் இருக்கும் இறுக்கமும் இதில் இருக்கிறது. உடம்புக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும். என் ஓட்டு நெருக்கீட்டுக்குத்தான்.

ஹார்மோனில் தகராறு குறைவு. உந்திவிடுதல் என்ற கிரேக்க வினையிலிருந்து 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். ‘இயக்குநீர்’ என்று தமிழில் சொன்னால் அப்படியே பொருந்துகிறது.

இனி கார்டிசால். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. லத்தீனில் ‘கார்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு வெளியே ஒரு படலம், உள்ளே ஒரு பகுதி. வெளிப்படலம் கார்டெக்ஸ். அங்கே சுரப்பதால் கார்டிசால். கடைசியில் வரும் ‘ஆல்’, ஆல்கஹால் வகை வேதித் தொகுதி இருப்பதைக் காட்டும் வால். இதன் உறவான கார்டிசோனுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடே அந்த வால்தான். அட்ரினல் புறப்படல இயக்குநீர்களை ஆராய்ந்ததற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துக் கடையில் அரிப்புக்கு வாங்கும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை, கார்டிசாலேதான்.

அட்ரினலுக்குத் தமிழில் அண்ணீரகம். ‘அண்’ என்றால் அருகே, நீரகத்துக்கு அருகே இருப்பது. அதன் கார்டெக்ஸுக்குப் புறணி, உள்பகுதிக்கு அகணி. பாடநூலில் படிக்கும் பிள்ளைகள் இவற்றைப் புதிதாகச் செய்த சொற்கள் என்று நினைக்கிறார்கள். பனை மரம் ஏறுகிறவரைக் கேளுங்கள். மட்டையின் உள்நார் அவருக்கு அகணி. புறணி என்றால் மேல்தோல், பட்டை. லத்தீன்காரன் மரப்பட்டையைப் பார்த்து வைத்த பெயருக்கு நம் மரத்திலேயே பதில் இருந்திருக்கிறது. புறணி பேசுவது என்பதும் இதே ‘புறம்’தான், முதுகுக்குப் பின்னால் பேசுவது. கார்டிசாலைப் பற்றி ஊர் பேசுவது முக்கால்வாசி புறணிதான் என்று ஒரு டாக்டர் நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.

என்னைக் கேட்டால் கார்டிசால் என்ற வேதிப்பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘அண்ணீரகப் புறணி இயக்குநீர்களில் ஒன்று’ என்று எழுதினால் போதும்.

அது செய்கிற வேலையில் முக்கால் பங்கு அன்றாட வேலை. இரத்தத்தில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது, இரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, வீக்கத்தை அடக்குவது. நள்ளிரவையொட்டி மிகவும் குறைந்து, விடிவதற்குள் ஏறி, கண் விழித்த அரை மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் எகிறும். அப்புறம் நாள் முழுக்க இறங்குமுகம். அதனால்தான் சீட்டில் 8 மணி என்று நேரம் போட்டிருந்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறினாலும் காலை அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கும். பெரியவருக்குப் பார்த்தது கூடுதலா என்று அல்ல, குறைவா என்று. அண்ணீரகம் சோர்ந்துவிட்டாலும் தலைசுற்றும், அசதி வரும்.

பார்க்கின்சன் நோயில் கார்டிசால் எப்படி இருக்கிறது? பல ஆய்வுகளில், அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு அளவு சற்றுக் கூடுதலாகத் தென்பட்டிருக்கிறது. காலையில் ஏறி இரவில் இறங்கும் அந்த அலை தட்டையாகிப் போவதும் பதிவாகியிருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை போட்டபின் அளவு இறங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் நோயின் அடிப்படை. கார்டிசால் கூடுவது அந்த அழிவுக்குத் துணை போகிறதா, அல்லது நோயோடு மல்லுக்கட்டுவதன் விளைவா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஒரு மனிதரின் ஒரு காலைநேர எண்ணை வைத்து நோய் முற்றியதா என்று சொல்ல முடியாது. ஆனால் நெருக்கீட்டில் நடுக்கம் கூடும் என்பது யாரும் கண்ணால் பார்க்கக்கூடியது. நரம்பியல் டாக்டர்கள் அதைத் தெரிந்தே பயன்படுத்துவார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லச் சொல்வார்கள். மனம் கணக்கில் சிக்கியதும், ஒளிந்திருந்த நடுக்கம் கைக்கு வந்துவிடும்.

நோயின் தமிழ்ப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் ‘நடுங்கு வாதம்’ என்ற பொருளில்தான் கட்டுரை எழுதினார். நாமும் நடுக்குவாதம், உதறுவாதம் என்கிறோம். ஆனால் நடுக்கமே இல்லாமல் இறுக்கமும் மந்தமும் மட்டும் உள்ளவர்கள் நிறையப் பேர். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே (1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், கிண்டல் மட்டும் போகவில்லை), அந்த வரிசையில் நடுக்கம் இல்லாத நடுக்குவாதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியவரின் அளவு சரியான எல்லைக்குள்தான் வந்தது. மகன் சீட்டை மடித்துக்கொண்டே, “அப்ப நைனாவுக்கு மன அழுத்தம் இல்லியாண்ணா?” என்றான். அந்த எண் அதைச் சொல்லாது, அவரையே கேள் என்றேன். திண்ணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“நூத்துல இருந்து ஏழு ஏழா கழின்னு அந்த டாக்டரு சொன்னாரே, அதான்டா அழுத்தம். கட்டுக்கு இருபத்தஞ்சுன்னு எண்ணச் சொல்லியிருந்தா ஆயிரம் வரிக்கும் சொல்லியிருப்பேன்.”