துணிப்பை: 149 தடவையா, 20,000 தடவையா?

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையிலிருந்து ஓர் எண் மட்டும் தனியே கழன்று உலகம் சுற்றியது. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தித் துணிப்பையை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் அது அந்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். தினம் ஒரு முறை எடுத்துப்போனாலும் ஏறக்குறைய 55 ஆண்டுகள்! மஞ்சப்பையோடு கடைக்குப் போகிறவர்களைக் கேலி செய்ய இது போதாதா? ஆனால் அதே அறிக்கை, அதே பைக்கு 149 என்றும் ஓர் எண்ணைத் தருகிறது. இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. வேறுபாடு, ஒப்பிட்ட முறையில் இருக்கிறது.

ஒரு பொருளின் மூலப்பொருள், தயாரிப்பு, போக்குவரத்து, பயன்பாடு, கழிவு வரை எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பதே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. பைக்குப் பை ஒப்பிட மாட்டார்கள். அது செய்யும் வேலையை ஒப்பிடுவார்கள். டேனிஷ் ஆய்வில் அந்த வேலை, 22 லிட்டர் கொள்ளளவும் 12 கிலோ எடையும் உள்ள மளிகைச் சாமான்களை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவருவது. அவர்கள் எடுத்துக்கொண்ட இயற்கைப் பருத்திப் பை அதைவிடச் சற்றே சிறியது. எனவே ஒரு பைக்குப் பதில் இரண்டு பைகள் என்று கணக்கிட்டார்கள்! இயற்கை வேளாண்மையில் விளைச்சல் 30 சதவீதம் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது. சாதாரணப் பருத்திப் பைக்கு 52 என்று வந்த எண் இங்கே 149 ஆனதற்கு இவ்விரண்டுமே காரணம். பையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்திருந்தால் எண் பாதியாகியிருக்கும்.

அடுத்து, இந்தச் சுழற்சி முழுவதிலும் வெளியேறும் நூற்றுக்கணக்கான பொருட்களை, புவி வெப்பமாதல், ஓசோன் சிதைவு போன்ற ஒவ்வொரு சுற்றுச்சூழல் தாக்கத்துக்கும் ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். புவி வெப்பமாதலுக்குக் கரியமில வாயுதான் அளவுகோல். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வரும் மீத்தேன் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 30 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. இருபது ஆண்டுக் கணக்கில் அதுவே 82-ஐத் தாண்டுகிறது. மீத்தேன் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் இந்த வேறுபாடு. எத்தனை ஆண்டுகளைப் பார்ப்பது என்பதை இயற்பியல் சொல்லாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படியே ஓசோன் சிதைவுக்கு சிஎஃப்சி-11 என்ற வாயு, அமிலமாதலுக்கு சல்ஃபர் டைஆக்சைடு என்று தனித்தனி அளவுகோல்கள். சிக்கல் இனிமேல்தான். கரியமில வாயு கிலோவையும் சிஎஃப்சி கிலோவையும் எப்படிக் கூட்டுவது?

டேனிஷ் ஆய்வு கூட்டவே இல்லை. எல்லாத் தாக்கங்களிலும் துணிப்பை பிளாஸ்டிக்கை எட்ட எத்தனை தடவை பயன்படுத்த வேண்டும் என்று கேட்டது. பத்துப் பொருத்தத்தில் எது தட்டினாலும் சம்பந்தமே வேண்டாம் என்பதைப் போன்ற விதி இது. வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 149. ஓசோன் சிதைவில் துணிப்பை மோசமாகத் தோற்றதால் 20,000. அந்த ஓசோன் சிதைவு உலக அளவில் பொருட்படுத்தத்தக்கதா என்ற கேள்விக்கு இந்த விதியில் இடமே இல்லை. என் பார்வையில் அறிக்கையின் பலவீனம் இதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தாக்கத்தையும், ஒரு மனிதரின் பங்காக ஆண்டுதோறும் ஏற்படும் மொத்தத் தாக்கத்தால் வகுப்பார்கள். பையின் பங்கு எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். ஆனால் பங்கு பெரிதாக இருப்பதாலேயே அது ஆபத்தானது என்றாகிவிடாது.

ஆகவே சிலர் மேலும் ஒரு படி போய், ஒவ்வொரு தாக்கத்துக்கும் முக்கியத்துவ எடை போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையில் 16 தாக்கங்கள். அவற்றில் பருவநிலை மாற்றத்துக்கு 21.06 சதவீத எடை, ஓசோன் சிதைவுக்கு 6.31. இந்த எடைகளுக்குப் பின்னால் இருப்பவை மனிதர்களின் மதிப்பீடுகள். நெதர்லாந்தில் உருவான ரெசிபி (ReCiPe) என்ற மதிப்பீட்டு முறை இதை ஒளிக்காமல், எத்தனை ஆண்டுத் தாக்கத்தைப் பார்ப்பது என்பதில் மூன்று மனப்போக்குகளுக்கு மூன்று கணக்குகளைத் தருகிறது: இன்றைய நலனை முன்வைப்பவருக்கு 20 ஆண்டுகள், நடுவழிக்காரருக்கு 100, வருங்காலத் தலைமுறைகளுக்காகக் கவலைப்படுபவருக்கு 1,000. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தகைய மதிப்பீடுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044-ஓ, ஒரு பொருள் இன்னொன்றைவிட மேலானது என்று பொதுவெளியில் அறிவிக்கும் ஆய்வுகளில் இப்படி எடை போடவே கூடாது என்கிறது. அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. எடையை மாற்றினால் வெற்றியாளரையும் மாற்றிவிடலாம்.

எந்த எடையாலும் சரிசெய்ய முடியாத ஓட்டையும் உண்டு. தெருவில் வீசப்படும் பை டேனிஷ் கணக்கில் இல்லை. அங்கே குப்பை முறையாகச் சேகரிக்கப்படுவதால் அதைப் புறக்கணிக்கத்தக்கது என்று விட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக் பை வீட்டில் குப்பைப் பையாகி, பிறகு எரியூட்டப்படும் என்பதே அவர்கள் கணக்கு. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்ததோ, வடிகாலை அடைக்கும், மாடு தின்னும் பையை மனத்தில் வைத்து. கடலில் சேரும் பிளாஸ்டிக்கின் பாதிப்பை இந்த மதிப்பீடுகளுக்குள் கொண்டுவரும் அளவுகோலை ஆராய்ச்சியாளர்கள் இப்போதுதான் வகுத்துவருகிறார்கள்.