தலைக்குக் குளிக்க முடியாத நாளில்: வீட்டு ட்ரை ஷாம்பூ பற்றி ஒரு தோல் மருத்துவர்

தண்ணீர் இல்லாமல் தலையில் போடும் பொடியான ட்ரை ஷாம்பூ தலையைச் சுத்தம் செய்வதில்லை. என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் அது சுத்தம் செய்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது செய்வது ஒரே வேலை. மண்டைத் தோலில் சுரந்திருக்கும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, முடி படிந்து கிடக்காமல் கொஞ்சம் பிரித்துவிடுகிறது. வியர்வை உப்பு, உதிர்ந்த தோல் செல்கள், பைக்கில் வரும்போது படிந்த தூசி, பொடுகு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பார்க்கக் குளித்த தலை போலத் தெரியும், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்ல பொருள்தான். காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு பாத்ரூமில் நிற்க முடியாதவர்கள், குளிர்காய்ச்சலில் படுத்திருப்பவர்கள், ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிப்ட் முடித்து விடிகாலையில் வந்து மறுபடி கிளம்புகிற பெண்கள் என்று கேட்டு வருகிறவர்கள் பலவிதம். 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்ற சென்னையை மறந்திருக்க மாட்டீர்கள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தலை அலச எத்தனை வாளி வேண்டும் என்று அப்போதுதான் பல வீடுகளில் கணக்குப் பார்த்தார்கள்.

சரி, கடையில் ஸ்ப்ரேயாகவே கிடைக்கிறதே, எதற்கு வீட்டில் செய்ய வேண்டும்? இதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனம் அமெரிக்காவில் டவ், டிரெஸ்ஸமே உள்ளிட்ட தன் பிராண்டுகளின் ட்ரை ஷாம்பூ ஸ்ப்ரே டப்பாக்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றில் பென்சீன் என்ற ரசாயனம் இருக்கக்கூடும் என்பது காரணம். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் பி அண்ட் ஜி நிறுவனமும் பான்டீன் போன்ற பெயர்களில் விற்ற ஸ்ப்ரேக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமே கிடையாது. அதை யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை. டப்பாவிலிருந்து பொடியை வெளியே தள்ளுவதற்கு பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களை அடைக்கிறார்கள். அவை பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அந்த வழியாக பென்சீனும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வீட்டில் செய்யும் பொடியில் இந்த வாயுவுக்கு இடமே இல்லை. அதன் உண்மையான லாபம் இதுதான். 'இயற்கையானது' என்பதை நான் லாபக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேராங்கொட்டையும் இயற்கைதான். அது பட்டுப் புண்ணாகி வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முடியில் மாவு போடுவது புதிய ஃபேஷனும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் தலைக்கும் டோப்பாவுக்கும் மாவுச்சத்துப் பொடியைத் தூவிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். 1795இல் பிரிட்டன் அரசாங்கம் அதற்கு வரியே போட்டது. பொடி பூசிக்கொள்ள ஆளுக்கு வருடம் ஒரு கினி, அதாவது அந்தக் காலத்துப் பொற்காசு ஒன்று. அந்த வருடம்தான் அங்கே கோதுமைக்குத் தட்டுப்பாடு வந்து, ரொட்டிக்காக ஜனங்கள் தெருவில் கலகம் செய்தார்கள். அதோடு பொடித் தலை வழக்கொழியத் தொடங்கியது.

இப்போது சமையலறைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது மாவு இல்லை, மாவுச்சத்து. கார்ன் ஃப்ளோர் என்று வெள்ளை வெளேரென்று விற்கிறார்களே, அது மாவுச்சத்து. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு வேறு, அது இதற்கு ஆகாது. ஆரோரூட், அதாவது கூவைக்கிழங்கு மாவு, நன்றாக வேலை செய்யும். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஜவ்வரிசி ஆலைகளின் தயவில் மரவள்ளி ஸ்டார்ச் சுலபமாகக் கிடைக்கும், அதுவும் சரிதான். சேலைக்குப் போடும் கஞ்சிப் பவுடரை மட்டும் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். துணி விறைப்பாக நிற்க அதில் வேறு என்னென்ன சேர்த்திருப்பார்களோ.

கடையில் வாங்க மனமில்லை, எல்லாம் வீட்டிலேயே வேண்டும் என்பவர்களுக்கு அரிசி இருக்கிறது. மாவுச்சத்துத் துகள்களில் அரிசியினுடையது மிகச் சிறியது. சுமார் 3 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), மக்காச்சோளத்தில் அது சராசரியாக 15 வாக்கில் இருக்கும். துகள் சிறிதாக இருந்தால் தலையில் போட்டதே தெரியாமல் படியும். ஆனால் இடியாப்பத்துக்கு அரைத்து வைத்திருக்கும் மாவை அள்ளிப் போட்டால் அந்த நயம் வராது. எவ்வளவு சலித்தாலும் அது குருணைதான், மண்டையில் நறநறவென்று நிற்கும்.

ஒரு டம்ளர் பச்சரிசியை நாலு மணி நேரம் ஊற வைத்து, மிக்ஸியில் தாராளமாகத் தண்ணீர் விட்டு வெண்ணெய் போல அரையுங்கள். இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை மூடி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஆடாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் காலைக்குள் புளித்துவிடும். மறுநாள் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் வெள்ளையாக இறுகிப் படிந்திருக்கும். மேல்தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி இன்னொரு முறை தெளிய விடுங்கள். அப்புறம் படிவத்தைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒரு துணி போட்டு, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் வைத்து, பொடித்து, துணியில் சலித்து எடுக்க வேண்டியதுதான். இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரியான பதம். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த மாவில் பூஞ்சை வரும், அதைத் தலையில் தேய்ப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

கறுப்பு முடியில் வெள்ளைப் பொடி நரை போலத் தெரியுமே என்பார்கள். இனிப்பில்லாத கோகோ பவுடரை, நாலு ஸ்பூன் மாவுச்சத்துக்கு ஒரு ஸ்பூன் கணக்கில் கலந்துகொள்ளலாம். இனிப்பில்லாததுதான் வேண்டும். பாலில் கலக்கிக் குடிக்கிற சாக்லேட் பவுடரைப் போட்டுக்கொண்டு படுத்த ஒரு கல்லூரி மாணவி, விடியும்போது தலையணை முழுக்க எறும்பு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கோகோவுக்கும் ஒரு குறை உண்டு. வியர்த்தால் கழுத்தோரம் பழுப்பாக வழியும், வெள்ளை யூனிஃபார்ம் போடுகிறவர்களுக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் கோகோவே தேவையில்லை. இரவு படுக்கும் முன் குறைவாகப் போட்டுத் தட்டிவிட்டால், காலைக்குள் பொடி பசையோடு சேர்ந்து நிறம் மங்கிவிடும், சீவினால் போய்விடும்.

இணையத்தில் சுற்றும் செய்முறைகளில் இன்னும் சில சரக்குகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சமையல் சோடா கண்டிப்பாக வேண்டாம். நம் மண்டைத் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச். 5.5 வாக்கில் இருக்கும். முடித்தண்டு அதைவிடக் குறைவு. சோடாவோ 8க்கு மேல், அதாவது காரம். வியர்வையில் கரைந்து மணிக்கணக்கில் தலையிலேயே கிடந்தால் தோல் வறண்டு எரியும், முடி சொரசொரப்பாகிச் சிக்குப் போடும். பட்டைப் பொடி வாசனைக்காகச் சேர்க்கப்படுகிறது. அதிலிருக்கும் சின்னமால்டிஹைடு ஒவ்வாமைக்குப் பெயர் போனது, முன்நெற்றி ஓரம் சிவந்து அரிக்கிறது என்று வந்தால் முதலில் நான் கேட்பது இதைத்தான். வாசனை எண்ணெய்களும் அதே ரகம். டால்கம் பவுடர் இன்னொன்று. டால்க்கைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் மாற்றியது. முகத்துக்கு அருகே அடிக்கடி தூவும் ஒரு பொடியில் அது எதற்கு? முல்தானி மட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவது வேறு விஷயம், உலர் மண்ணாக மூக்கருகே பறக்கவிடுவது வேறு. கடலை மாவும் பாசிப்பயறு மாவும் தண்ணீரோடு தேய்த்து அலசத்தான். உலர்ந்து தலையில் தங்கினால் வாடை அடிக்கும். சீயக்காயை உலர்வாகத் தூவினால் கண்ணில் விழுந்து படாதபாடு படுத்தும்.

போடும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் உச்சியில் ஒரு பிடியைக் கொட்டிக் கையால் பரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அரை டீஸ்பூன் பொடி போதும், மிக அடர்த்தியான முடிக்கு ஒன்று. சீப்பின் வாலால் வகிடு எடுத்து, பவுடர் பஃப்பில் அல்லது மேக்கப் பிரஷில் தொட்டு, வேர்ப்பகுதியில் மட்டும் ஒற்றுங்கள். ஒரு விரற்கடை தள்ளி அடுத்த வகிடு. பசை சேருவது உச்சி, முன்நெற்றி, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில்தான், முடி நுனிக்கு இது தேவையே இல்லை. பத்து நிமிடம் விட்டு, விரல் நுனியால் (நகம் படாமல்) லேசாகத் தேய்த்து, தலையைக் குனிந்துகொண்டு பின்னாலிருந்து முன்னால் சீவுங்கள். கடைசியாக ஒரு பருத்தித் துண்டால் துடைத்துவிட்டால் மிச்சப் பொடி துண்டோடு வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூச்சில் ஏற வேண்டாம். அடுப்பு, குத்துவிளக்கு, சாம்பிராணித் தணல் பக்கத்தில் நின்று தூவ வேண்டாம், பறக்கும் மாவு தீப்பிடிக்கும்.

முக்கியமான ஒன்று. எண்ணெய் வைத்த தலைக்கு இது கிடையாது. மண்டையில் தானாகச் சுரக்கும் பசை கொஞ்சம்தான், அதைப் பொடி உறிஞ்சிவிடும். காலையில் ஒரு கை தேங்காய் எண்ணெய் தடவி வழித்துப் பின்னிய தலையில் போட்டால் பஜ்ஜி மாவு போலக் கரைசலாகிவிடும். அதை எடுக்க இரண்டு முறை ஷாம்பூ போட வேண்டியிருக்கும், குளியலை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு குளியல். நனைந்த தலைக்கும், வியர்த்து ஈரமாக இருக்கும் தலைக்கும் இதே கதைதான். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது நம் ஊருக்குச் சரிவராத இடமும் இதுவே. அங்கே குளிர், வியர்வை குறைவு, மூன்று நான்கு நாள் பொடியிலேயே ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போகிற சென்னைத் தலைக்கு அது நடக்காது. ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவில் ஒரு தடவை, வாரத்துக்கு மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கருவியில் காட்டியே புரிய வைக்கிறேன். டெர்மாஸ்கோப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தலையில் வைத்தால், முடி முளைக்கும் ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பஞ்சோடு வந்துவிடும். மாவு. "டாக்டர், பொடுகு அதிகமாகிவிட்டது" என்று வந்தவரின் பொடுகில் பாதி அதுதான். மீதிப் பாதி நிஜம். மண்டையில் எல்லோருக்கும் வசிக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை, நம் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. தலையை அலசாமல் நாள் தள்ளத் தள்ள அதற்குக் கொண்டாட்டம். பொடி தெரியாமல் மூடி வைத்திருக்கிறதே தவிர, குறைக்கவில்லை. மஞ்சளாகப் பிசுபிசுவென்று செதில், வேர்க்கால்களில் சீழ்க்கொப்புளம், சொரிந்து சொரிந்து புண் என்று இருந்தால் பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பொடுகுக்குத் தரும் கீட்டோகோனசோல் ஷாம்பூவை நுரைத்தவுடன் அலசிவிடாமல் ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்தும் மறந்துவிடுகிறார்கள்.

குழந்தை பெற்றவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது, தானாகவே சரியாகும். "தலைக்கு ஊற்றினால் இன்னும் கொட்டுகிறது" என்று பயந்து குளிப்பதை விட்டுவிட்டுப் பொடிக்கு மாறுகிறார்கள். ஏற்கெனவே வேரிலிருந்து கழன்ற முடிதான் குளிக்கும்போது வருகிறது. இன்று வராவிட்டால் நாலு நாள் கழித்து மொத்தமாக வரும். தாராளமாகக் குளியுங்கள். பொடியைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் குழந்தை வேறு அறையில் இருக்கும்போது போட்டு, நைட்டியை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு எந்தப் பொடியும் நல்லதில்லை. குழந்தையின் தலையில் தட்டுவது அறவே கூடாது. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள், தலையில் தையல் போட்டவர்கள், சொரியாசிஸ் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் முதல் முறை போடும் முன் முழங்கை மடிப்பில் மூன்று நான்கு நாள் தொடர்ந்து தடவிப் பாருங்கள்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. அவர்களுக்குப் போடும்போது தலையணை மேல் ஒரு பழைய துண்டை விரித்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, அந்தப் பக்கம் முடித்தபின் மறுபக்கம் போடுங்கள். பொடியைத் தூவாமல், உங்கள் விரலில் தொட்டு ஒற்றினால் போதும். பின்மண்டை தலையணையில் அழுந்திக்கொண்டே இருக்கும் இடம். அங்கே சிவப்போ, தோல் உரிந்த இடமோ இருக்கிறதா என்று பார்க்க இதுதான் நல்ல சந்தர்ப்பம், இருந்தால் அங்கே பொடி படக்கூடாது. வாரத்தில் ஒருநாளாவது, தலைமாட்டில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு அதன் நுனியைக் கீழே வாளிக்குள் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் அலசிவிடுங்கள். அன்றைக்கே தலையணை உறையையும் மாற்றுங்கள்.