‘சமூக அடிப்படையிலான சுற்றுலா’: பொருள் சொல்லாத பெயர்

மலையூர்ப் பயண விளம்பரங்களிலும் திட்ட அறிக்கைகளிலும் இந்தத் தொடர் ஓயாமல் வருகிறது. ஊரார் கூடி நடத்தி வரும்படியையும் பகிர்ந்துகொள்ளும் சுற்றுலாவை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி பேஸ்டு டூரிசம்’ என்பார்கள். அதை மூன்று துண்டாக்கி, துண்டுக்கொரு தமிழ்ச்சொல் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவை நடத்துபவர் யார், வரும்படி யாருக்கு என்பது அதில் இல்லை.

வேர்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். ‘கம்யூனிட்டி’க்கு மூலம் லத்தீனின் ‘கொம்மூனிஸ்’, அதாவது பொதுவானது. ‘சமூகம்’ வடமொழி ‘சமூஹ’. பொருள் திரள், கூட்டம். எல்லாருக்கும் பொதுவானது என்ற கருத்து அதில் கிடையாது.

நேபாளிகள் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறார்கள். விருந்தினர் முன் ஆடிப்பாடும் மகளிர் குழு ‘ஆமா சமூஹ’; ஊர் நடத்தும் வீட்டுத்தங்கல் ‘சாமுதாயிக் ஹோம்ஸ்டே’. நம் நாளிதழ்களிலோ ‘சமூகத்தினர்’ என்றாலே சாதிதான் நினைவுக்கு வரும். சரி, ‘அடிப்படையிலான’ என்ற சொல்லை நீக்கிச் ‘சமூகச் சுற்றுலா’ என்போமா? அது வேறு பொருளுக்கு வேண்டிய சொல். பிரான்சில் 1982 முதல் தொழிலாளருக்குத் தரப்படும் விடுமுறைக் காசோலை போன்ற, வசதியற்றோரும் பயணம் போக உதவும் ஏற்பாடுகளுக்கு அதை விட்டுவைக்க வேண்டும்.

செயல் எப்படி நடக்கிறதென்று பார்த்துத்தான் பெயரிட வேண்டும். நேபாளத்தின் ஸ்யாங்ஜா மாவட்டத்துச் சிருபாரி, தம்மைத் ‘தமு’ என்று சொல்லிக்கொள்ளும் குருங் மக்களின் மலையூர். 1997இல் இம்முறையைத் தொடங்கிய அந்த ஊரில் விருந்தினர் தாமே வீடு தேர்வதில்லை. ஊர்க்குழுதான் வீடு ஒதுக்கும். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல விருந்தினரும் முறைப்படி வீடு வீடாகப் போவர். கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அதில் ஒரு பங்கு பொதுநிதிக்கு. பாதை, பள்ளி, குடிநீர் போன்ற வேலைகள் அந்த நிதியில் நடக்கும். 2010இல் வந்த நேபாள அரசின் நடைமுறை விதியும் குறைந்தது ஐந்து வீடுகள் சேர்ந்தால்தான் ‘சாமுதாயிக்’ என்கிறது.

இத்தகைய ஊர்களில் முறை குலைவது பெரும்பாலும் இப்படித்தான். சாலையோர வீட்டுக்காரர் தொலைபேசியில் நேரடியாக முன்பதிவு வாங்கத் தொடங்குவார், மேட்டு வீடுகளுக்கு ஆள் போகாது, பொதுநிதி வற்றும். அதன்பிறகும் பலகையில் ‘சமூக அடிப்படையிலான’ என்று எழுதிக்கொள்ளலாம், ஏனென்றால் அத்தொடர் எதையும் கோரவில்லை!

ஆகவே என் பரிந்துரை ‘ஊர்ப்பொதுச் சுற்றுலா’. ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ப்பொது நிலம் என்று மக்கள் வாயில் புழங்கும் சொல். தனியாள் கைக்குப் போனதை யாரும் ஊர்ப்பொது என்று சொல்ல மாட்டார்கள். ‘பழங்குடிச் சுற்றுலா’ என்பது இதைவிட மோசம், நடத்துபவர்களையே காட்சிப்பொருளாக்குகிறது. ‘சமுதாயச் சுற்றுலா’ ஓரளவு தேவலாம், ஆனால் சமுதாயம் என்றால் நாடு முழுவதையும் நினைப்போர் பலர். பல ஊர்கள் சேர்ந்து நடத்துமிடத்தில் ‘ஊர்க்கூட்டுச் சுற்றுலா’ எனலாம். ஒரே முதலாளி நடத்தும் மலை விடுதிக்கு ‘மலை விடுதி’ போதும்.